ஒரே நாளில் முப்பத்து மூன்று

இவள் போய்விடவில்லை. உள்ளேதான் இருக்கிறாள். மின்விசிறி என்று நான் சொன்னதும் மேலே பார்த்தாளே, அது தற்செயல் இல்லை. தற்செயலாகவும் இருக்கலாம். இன்னொரு முறை கேட்க வேண்டும். கடவுளே, இன்னொரு முறை பார்க்கட்டும், அப்புறம் நான் யாரிடம் வேண்டுமானாலும் போய்ச் சொல்கிறேன்.

இன்பராணி வாய்விட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "செங்கம்மா, நான் பேசுறது கேட்டுதுன்னா ரெண்டு தடவ மேல பாருங்க."

பெண்கள் வார்டின் பதினோராம் கட்டிலில் கிடந்தவளின் கண்கள் மேலே போயின. இறங்கின. மறுபடி மேலே போயின. கை, கால், உதடு எதுவும் அசையவில்லை. கண்கள் மட்டும் சொன்ன வேலையை முடித்துவிட்டு இன்பராணியின் முகத்தில் வந்து நின்றன, சரிதானா என்று கேட்பதுபோல.

இன்பராணிக்குச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது, ஓட வேண்டும்போலவும் இருந்தது.

"நான்தான் சொன்னேனேம்மா" என்றான் கால்மாட்டில் நின்ற மாசிலாமணி, செங்கம்மாளின் கணவன். "டாக்டருங்ககிட்ட சொன்னா சிரிக்கிறாங்க. இந்தியில 'கோமா, பையா, கோமா'ங்கிறாங்க. கோமாவுல கெடக்கிறது, நான் பீடி குடிச்சிட்டு வந்தா மட்டும் எதுக்கும்மா மொறைக்குது?"

"மொறைச்சாங்களா?"

"வூட்ல மொறைக்கிற அதே மொறைப்பு. பதினாலு வருசமா வாங்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அவன் இன்பராணியைத் தேடி வந்ததற்குக் காரணம் இருந்தது. இன்பராணி மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். நோயாளிகளை அவள் பார்ப்பதில்லை. அவர்களுடைய ரத்தம் குழாயில் வரும், எண்ணாகத் திரும்பிப் போகும். ஆனால் செங்கம்மாளின் எண்ணை மட்டும் அவள் தானே எடுத்துக்கொண்டு வார்டுக்கு ஓடி வந்திருந்தாள். "நல்லாயிடுச்சு, நார்மல் ஆயிடுச்சு" என்று இந்த மாசிலாமணியிடம் தமிழிலேயே சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பத்து நாள் கழித்து அவன் கூடத்து வாசலில் வந்து நின்றான். "நல்லாயிடுச்சுன்னு சொன்னது நீங்கதானேம்மா? ஒரு தடவ வந்து பாருங்க."

அது 1982ஆம் வருஷத்து மே மாதம். ஆசிய விளையாட்டுக்காக டெல்லி முழுவதையும் தோண்டிப் போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த கணவன் மனைவி இருவரும் ஒரு ஸ்டேடியத்தின் கட்டட வேலையில் மணல் சுமந்தார்கள். அனல் காற்றில் செங்கம்மாளுக்கு வாந்தி, பேதி. நான்கு நாட்கள் சோறு இறங்கவில்லை. குடம் குடமாய் வெறும் தண்ணீர் குடித்தாள். ஐந்தாம் நாள் வலிப்பு வந்தது. ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பு, நூற்று மூன்று. நூற்று முப்பத்தைந்துக்குக் குறையக் கூடாத ஒன்று.

அன்று இன்பராணி நம்பவில்லை. ஃபிளேம் போட்டோமீட்டரின் நீலச் சுடரில் ரத்த நீரைத் தெளித்தால் சோடியம் மஞ்சளாக எரியும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு உப்பு. அந்த மஞ்சள் அன்று வெளிறிக் கிடந்தது. அளவு தெரிந்த உப்புக் கரைசலை ஊற்றிச் சரிபார்த்தாள். மறுபடி ரத்தம். நூற்று மூன்று. மூன்றாவது முறையும் அதுவே. சிவப்பு மையில் எழுதிக் கையோடு அனுப்பினாள். வார்டில் மூன்று சதவீத உப்பு நீரை வேகமாக ஏற்றினார்கள். மறுநாள் காலை நூற்று முப்பத்தாறு. செங்கம்மாள் எழுந்து உட்கார்ந்து, கஞ்சி கேட்டு, லுங்கியோடு ஆஸ்பத்திரிக்கு வந்ததற்காகக் கணவனைத் திட்டினாள். யூனிட் தலைவர் டாக்டர் வெங்கடராமன் மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். எல்லோருக்கும் சந்தோஷம்.

ஐந்தாம் நாள் அவளுக்கு நாக்கு குழறியது. ஏழாம் நாள் விழுங்க முடியவில்லை. எட்டாம் நாள் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை, பேச்சும் இல்லை. மூளைக் காய்ச்சலாக இருக்கும் என்றார்கள். முதுகிலிருந்து எடுத்த நீரில் காய்ச்சலுக்கான அடையாளம் ஒன்றும் இல்லை என்பது இன்பராணிக்குத் தெரியும். அந்தச் சோதனையைச் செய்தவளும் அவள்தான்.

பதினோராம் கட்டிலிலிருந்து கூடத்துக்குத் திரும்பி நடந்தபோது அவளுக்குள் ஓர் எண்ணம் எழுந்தது. அது எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறாள். சொந்த ஊரான நாசரேத்தில் அப்பா சொன்னது, கல்லூரியில் படித்தது, மேலதிகாரி கட்டளையிட்டது என்று அவளுடைய தலையில் இருந்த எல்லாவற்றுக்கும் ஒரு கொடுத்தவர் இருந்தார். இதற்கு இல்லை. நூற்று மூன்றிலிருந்து நூற்று முப்பத்தாறு. ஒரே நாளில் முப்பத்து மூன்று. நாம் சந்தோஷப்பட்டோமே, அந்த இடத்தில்தான் ஏதோ நடந்திருக்கிறது.

கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆபத்தான எண் சிவப்பு மையில் எழுதப்படும். அதைப் பத்துப் பேர் பார்ப்பார்கள். நார்மல் எண் நீல மையில். மாலைக் கட்டோடு வார்டுக்குப் போகும், யாரும் இரண்டாம் முறை திருப்பிப் பார்ப்பதில்லை. அதோடு, ஒரே ஆளின் ரத்தம் மறுநாள் வந்தாலும் புது வரிசை எண்தான். சிவப்பு ஒரு பக்கத்தில் இருக்கும், நீலம் பத்துப் பக்கம் தள்ளி இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. அவளுக்கும் ஆறு வருஷமாகத் தோன்றியதில்லை.

அன்று மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பழைய பதிவேடுகளை இறக்கினாள். எட்டு மாதத்தில் நூற்றுப்பத்துக்குக் கீழே வந்த சிவப்பு எண்கள் ஏழு. ஒவ்வொன்றுக்கும் மறுநாள், அதற்கு மறுநாள் என்று நீலத்தைத் தேடிப் பிடித்தாள். விரல் நுனி கறுத்துப்போயிற்று. இரண்டு பேருக்கு மறுநாளே இல்லை, இறந்திருந்தார்கள். மற்ற ஐவரில் செங்கம்மாளும் இன்னும் இருவரும் ஒரே நாளில் முப்பதுக்கு மேல் ஏறியிருந்தார்கள். இரண்டு பேர் மட்டும் நாளைக்கு எட்டு, பத்து என்று மெதுவாக, சோம்பேறித்தனமாக ஏறியிருந்தார்கள்.

அந்த ஐந்து பெயர்களையும் எண் ஏறிய வேகத்தையும் துண்டுக் காகிதத்தில் எழுதிச் சூசையம்மாளிடம் கொடுத்தாள். சூசையம்மாள் அதே மருத்துவமனையில் நர்ஸ். டெல்லியின் முனிர்கா பகுதியில் ஒரே அறையில் இருவரும் குடியிருந்தார்கள். சூசையம்மாள் தூத்துக்குடிக்காரி.

"ஏட்டி, ரத்தக் குழாய் கழுவுதவளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றாள் சூசையம்மாள். "நாளைக்கு நீயே ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கிட்டு வந்துருவ போலிருக்கே."

"நீ கேட்டுட்டு மட்டும் வாயேன். நாலு பேரும் பொறவு என்ன ஆனாவன்னு."

"நாலுன்னியே, அஞ்சாவது யாரு?"

"அது எனக்குத் தெரியும்."

மூன்று நாள் கழித்து சூசையம்மாள் டியூட்டி முடிந்து வந்தாள். செருப்பைக் கழற்றாமலேயே கட்டிலில் உட்கார்ந்தாள். கிண்டல் எதுவும் வரவில்லை.

"மொத ரெண்டு பேரு, நீ கோடு போட்டிருந்தல்லா, சரோஜினி நகர் ஆன்ட்டி ஒண்ணு, இன்னொண்ணு ஒரு சர்தார்ஜி. ரெண்டு பேருக்கும் நெனப்பு வந்து, பேசி, நல்லாயிட்டாவ. ஒரு வாரத்துக்குள்ள வாய் அடைச்சுப்போச்சு. கை கால் வரல்ல. ஆன்ட்டிக்குப் பக்கவாதம்னு எழுதியிருக்கு. சர்தார்ஜிக்கு என்னமோ ஒண்ணு. ரெண்டு பேருமே சளி கட்டிச் செத்துப்போயிட்டாவ."

"மத்த ரெண்டு பேரு?"

"நடந்து வீட்டுக்குப் போயிட்டாவ. ஒருத்திக்கு ஏத்தின அன்னைக்குத்தான் உப்புத் தண்ணி பாட்டில் ஸ்டாக் தீந்துபோச்சாம்; வெறும் ஒண்ணு ஒண்ணரை பாட்டில வச்சு ஓட்டியிருக்காவ. இன்னொருத்தன் ஊசிய ஊசியப் புடுங்கிப் போட்டுருக்கான். கட்டி வச்சும் புடுங்கியிருக்கான். ஏட்டி, என்னட்டி இது? எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கி."

இன்பராணி எழுந்து அறைக்குள் நடந்தாள். இரண்டு எட்டு வைத்தால் சுவர். திரும்பி இரண்டு எட்டு. ஸ்டாக் தீர்ந்துபோனதால் ஒருத்தி பிழைத்தாள்! பைத்தியம்போல் ஊசியைப் பிடுங்கியதால் ஒருவன் பிழைத்தான்! அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. அதே நேரம் உள்ளே ஒரு சந்தோஷம் கொதித்தது. ஒருத்தி கட்டிலில் கல்லாய்க் கிடக்கிறாள், இருவர் செத்துப்போனார்கள், இதில் சந்தோஷப்பட நீ என்ன மனுஷி என்று தன்னையே கேட்டாள். கேட்டும் அது அடங்கவில்லை. உண்மை கையில் வந்து விழும்போது அது யாருடைய வீட்டுத் துக்கம் என்று பார்ப்பதில்லை போலும். அவள் அதற்காக வெட்கப்பட்டாள். ஆனால் நடப்பதை நிறுத்தவில்லை.

அடுத்த வாரம் முழுக்க நூலகத்தில் கிடந்தாள். டெக்னீஷியன்கள் அங்கே போவதில்லை. நூலகர் இரண்டு முறை அடையாள அட்டை கேட்டார். கப்பலில் ஏறி மாதக்கணக்கில் தாமதமாக வந்து, இன்னும் கட்டுப் பிரிக்காத ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் அது கிடைத்தது. உப்புக் குறைந்த ரத்தத்துக்கு மூளை சில நாளில் பழகிக்கொள்கிறது. தன்னிடம் இருக்கும் உப்பையும் மெல்ல வெளியே தள்ளிச் சமாளித்துக்கொள்கிறது. அப்படிப் பழகிய பிறகு வெளியே உப்பைத் திடீரென்று ஏற்றினால் மூளையின் செல்களிலிருந்து நீர் பிடுங்கப்படுகிறது. மூளைத்தண்டில் இறங்கும் நரம்புகளின் மேல், மின்கம்பிமேல் ரப்பர்போல, மயலின் என்ற உறை உண்டு. அது உரிந்துவிடுகிறது. கம்பி பெரும்பாலும் அறுவதில்லை.

கம்பி அறுவதில்லை. அந்த வரியை அவள் மூன்று முறை படித்தாள். எழுந்து நேரே பதினோராம் கட்டிலுக்கு ஓடி, "உங்களுக்கு என்னன்னு தெரிஞ்சுபோச்சு, செங்கம்மா. கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வந்தாலும் வரும். தெம்பை விட்டுராதிய" என்றாள். கண்கள் மேலே போய் இறங்கின. பிறகு நெடுநேரம் மூடியே இருந்தன. இமையோரத்தில் ஈரம்.

ஜூன் மாதத்து மூன்றாம் வாரம் இன்னொரு குழாய் வந்தது. பாப்பம்மாள், வயது நாற்பத்திரண்டு, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்பவள். ரத்த அழுத்தத்துக்கு யாரோ கொடுத்த, உப்பைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாக விழுங்கியிருந்தாள். சுடரில் மஞ்சள் வெளிறியது. நூற்று ஆறு.

இன்பராணி சிவப்பு மையில் எழுதினாள். தன் துண்டுக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு படிக்கட்டில் ஓடினாள்.

வார்டில் பாப்பம்மாளுக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது. உப்பு நீர் பாட்டிலை மாட்டிவிட்டிருந்தார்கள். டாக்டர் வெங்கடராமன் பக்கத்தில் நின்றிருந்தார். கும்பகோணத்துக்காரர், டெல்லியில் இருபத்தைந்து வருஷம்.

"எவ்வளவும்மா?"

"நூத்தி ஆறு சார். சார், மெதுவா ஏத்தணும் சார். ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல ஏறக் கூடாது."

அவர் திரும்பிப் பார்த்தார். சுற்றி நின்ற பயிற்சி டாக்டர்களும் பார்த்தார்கள்.

"ஃபிட்ஸ் வந்துண்டிருக்கு. உப்பு ஏத்தாம என்ன பண்ணச் சொல்றே? பஜனை பண்ணவா?"

ஒருவன் சிரித்தான். இன்பராணி காகிதத்தை நீட்டினாள். குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "வலிப்பு நிக்கிற வரைக்கும் ஏத்துங்க சார். நின்னதும் நிறுத்திருங்க. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ ரத்தம் அனுப்புங்க, நான் உடனே பாத்துச் சொல்லுதேன். இந்த அஞ்சு பேரையும் பாருங்க சார். ஏறின வேகத்தைப் பாருங்க."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். ஐந்தாவது பெயரில் அவருடைய விரல் நின்றது. பதினோராம் கட்டில் அங்கிருந்து பத்தடி தூரம். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"யார்கிட்ட காமிச்சே இதை?"

"யார்கிட்டயும் இல்ல சார்."

"ஹூம்." காகிதத்தை மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். பாட்டிலை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பயிற்சி டாக்டரிடம், "ஃபிட்ஸ் நின்னதும் இதை மூடு. ஜல்தி ஒண்ணும் வேண்டாம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை சோடியம். பத்துக்கு மேலே ஏறித்துன்னா என்னைக் கூப்பிடு" என்றார்.

மூன்று நாட்கள் இன்பராணி கூடத்தை விட்டு அதிகம் நகரவில்லை. நூற்றுப்பத்து. நூற்றுப்பதினொன்று. மறுநாள் நூற்றுப்பதினைந்தரை. ஒவ்வொரு குழாயையும் பரீட்சை முடிவுபோல் ஓடிப்போய் வாங்கினாள். அன்று மாலையே நூற்றுப்பதினெட்டைத் தொட்டதும், பத்தைத் தாண்டிவிடுமோ என்று அவளே வார்டுக்குப் போன் செய்து கத்தினாள். போனை எடுத்தவர் வெங்கடராமன். "மூடியாச்சு, மூடியாச்சு. காதை உடைக்காதே" என்றார். அந்தக் குரலிலும் ஓர் உற்சாகம் இருந்தது. அவருக்கும் தொற்றிக்கொண்டிருந்தது. அப்போது அவரை அவளுக்கு மிகவும் பிடித்தது.

மூன்றாம் நாள் பாப்பம்மாளுக்கு நினைவு முழுதாகத் திரும்பியது. ஆனால் எண்ண வேண்டியது அதற்குப் பிறகு வரும் நாட்களை. ஐந்து. ஏழு. எட்டு. பத்தாம் நாள் காலை சூசையம்மாள் கூடத்துக்குள் புயல்போல் நுழைந்தாள்.

"ஏட்டி, ஒன் பாப்பம்மா என்னைத் திட்டுதா! ஆஸ்பத்திரி ரசத்துல உப்பு இல்லையாம்!"

இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர் என்ன ஆச்சோ என்று "க்யா ஹுவா?" கேட்டபடி எழுந்து வந்தார். சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. சிரிப்பு நின்றபோது இன்பராணி சுவரில் சாய்ந்திருந்தாள். இருபத்தெட்டு வயதில், தான் இந்த உலகத்தில் இருப்பதை முதன்முறையாக உணர்ந்தவள்போல் இருந்தாள்.

பாப்பம்மாள் வீட்டுக்கு நடந்து போன மறுநாள் வெங்கடராமன் இன்பராணியை அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் சோடியம் பதிவேடு. அவள் எழுதிய துண்டுக் காகிதம் அதன்மேல். பக்கத்தில் தட்டச்சு செய்த நான்கு தாள்கள்.

"உக்காரு. காபி சாப்பிடறியா? வேண்டாமா? அச்சா." தாள்களை அவள் பக்கம் தள்ளினார். "பாப்பம்மாள் கேஸை எழுதியிருக்கேன். மெதுவா ஏத்தினா என்ன ஆறதுன்னு. வியாழக்கிழமை மீட்டிங்ல படிக்கப்போறேன், அப்புறம் ஜர்னலுக்கு. கீழே பாரு."

கீழே இரண்டு பெயர்கள். இரண்டாவது அவளுடையது. எழுத்தெழுத்தாகத் தட்டச்சில் அவளுடைய பெயர். "டெக்னீஷியன் பேர் பேப்பர்ல வந்து நான் பாத்ததில்லே" என்றார் அவர். "நீ அதுக்குத் தகுதி. நான் சும்மா சொல்லலே."

அவளுக்கு முகம் சூடேறியது. அந்தத் தாளை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அப்பாவுக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும். ஆசை வந்தது, வரவில்லை என்று அவள் ஒருநாளும் தனக்குத் தானே பொய் சொல்லிக்கொள்ளப் போவதில்லை.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் அவர். பதிவேட்டைத் திறந்தார். மே மாதத்துப் பக்கம். "இந்த நூத்தி மூணு. மீட்டிங்ல யாராவது 'பழைய கேஸ் உண்டா'ம்பா. ரிஜிஸ்டரைக் கேப்பா. அன்னிக்கு சிலிண்டர்ல கேஸ் கம்மியா இருந்திருக்கும், சுடர் மங்கி எண் குறைச்சலா காட்டியிருக்கும். பக்கத்துல 'திரும்பப் பார்த்ததில் நூற்று இருபத்தொண்ணு'ன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுடு. அப்போ ஏறினது பதினஞ்சுதான். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டா."

அவள் அந்தப் பக்கத்துச் சிவப்பு எண்ணைப் பார்த்தாள்.

"நான் தெரிஞ்சா பண்ணினேன்? அந்த ஜர்னல் அன்னிக்கு கப்பல்ல இருந்தது. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் ஏத்தினா. இன்னிக்கும் ஏத்தறா."

அது உண்மை. அவர் கெட்டவர் இல்லை. பாட்டிலை மூடச் சொன்ன மனிதர் இவர்தான். நானும் அன்று நூற்று முப்பத்தாறைத் தூக்கிக்கொண்டு ஓடினேனே, குற்றம் என்றால் எனக்கும் அதில் பங்கு உண்டு என்று இன்பராணி நினைத்தாள். ஆனால் இந்த எண்ணை மாற்றினால் செங்கம்மாள் மூளைக் காய்ச்சல் வந்த ஒரு கூலிக்காரி ஆகிவிடுவாள். ஏன் இப்படி ஆனது என்று மாசிலாமணி யாரைக் கேட்டாலும் விதி என்பார்கள். முப்பத்து மூன்று ஏறினால் என்ன நடக்கும் என்று அறிய வேண்டிய இன்னொரு டாக்டர் இந்தப் பக்கத்தைப் புரட்டினால், பதினைந்து ஏறினதற்கே இப்படி ஆகும் என்று குழம்புவார், அல்லது ஒன்றுமே இல்லை என்று மூடிவைப்பார். எங்கோ ஒரு வார்டில் பாட்டில் வேகமாகச் சொட்டிக்கொண்டிருக்கும்.

"மூணு தடவ பாத்தேன் சார்" என்றாள். "சிலிண்டர்ல கேஸ் நிறைய இருந்துது."

"எனக்குத் தெரியும்மா. அதான் உன்னைக் கேக்கறேன்." அவர் தன் பேனாவின் மூடியைக் கழற்றி அவள் பக்கம் நீட்டினார். குரல் கெஞ்சலாக இருந்தது. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. "ஒரு வரி. அவளுக்கு இதனாலே ஒண்ணும் ஆகப்போறதில்லே. உனக்கு நல்லது, எனக்கு நல்லது."

இன்பராணி தட்டச்சுத் தாள்களை ஓரம் சேர்த்து அடுக்கி அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். எழுந்து நின்றாள்.

"நான் எழுத மாட்டேன் சார்" என்றாள், பக்கத்து அறையில் யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் அவ்வளவு மெதுவாக.